புகாரே இல்லாத பிளாக்

வீட்டுவசதி வாரியம் அவருக்கு வைத்த பெயர் ‘பராமரிப்பாளர், இரண்டாம் நிலை’. ஏழாம் பிளாக்கின் நாற்பத்தெட்டுக் குடும்பங்களும் வைத்த பெயர் வாஷர். சட்டைப் பையில் எந்நேரமும் நாலு ரப்பர் வாஷர் கிடக்கும். குழாய் சொட்டுகிறது என்று யாராவது வாயெடுத்தால், சொல்லி முடிப்பதற்குள் ஒன்றை எடுத்து ஊதித் துடைத்துக்கொண்டு வாசலில் நிற்பார். பெரியவர்களுக்கு வாஷர் அண்ணன், பிள்ளைகளுக்கு வாஷர் மாமா. சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது.

அரசாங்க வாடகை வீடுகள் அவை. நாலு மாடி. நடுச்சுவருக்குள் மேலிருந்து கீழ்வரை ஓடும் ஒரே கழிவுநீர்க் குழாய். அது துருவேறி நைந்து வருஷக்கணக்காகிறது. பழுது என்றால் பச்சை ஃபாரம் எழுதிக் கொடுக்க வேண்டும். அது மூன்று மேசை தாண்டி, அனுமதியாகி, ஒப்பந்தக்காரர் வந்து சேர நாலு மாதம். ஃபாரம் இல்லாமல் பராமரிப்பாளர் ஸ்பேனரைத் தொடக் கூடாது; தொட்டால் ஒழுங்கு நடவடிக்கை. நாலு மாதம் சாக்கடைத் தண்ணீருக்கு நடுவில் யார் சோறு பொங்கித் தின்பது? வாஷர் விதிகளை ஓரமாக வைத்துவிட்டு வேலையைப் பார்த்தார். இடித்துப் போட்ட பழைய பிளாக்கில் பொறுக்கிய, குழாயை இறுக்கும் கிளாம்ப், குழாய்த் துண்டு, சைக்கிள் டியூப் ரப்பர், அவ்வளவுதான் சரக்கு. “ஃபாரம் கீரம்னு எதுவும் எழுதாதீங்க, என் பேர எங்கயும் சொல்லிடாதீங்க” என்பது மட்டும்தான் கூலி. பத்தொன்பது வருஷம் ஏழாம் பிளாக் அந்தக் கூலியைப் பாக்கியில்லாமல் கொடுத்தது.

பிறகு வாரியம் திருந்தியது. அபூர்வமான சங்கதி என்பதால் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். அதுவரை எல்லா பிளாக்கின் வாடகையும் ஒரே உண்டியலில் விழும். பெரிய இடத்தில் ஆள் வைத்திருப்பவர்களின் பிளாக்குக்குப் பராமரிப்புப் பணமாகப் போகும். இனி எந்த பிளாக்குக்குத் தேவை அதிகமோ அதற்குத்தான் முதல் பணம் என்றார்கள். தேவையை அளப்பதற்கு, கடைசி மூன்று வருஷத்துப் புகார்களை எண்ணுவார்கள். பொறியாளர் நேரில் வந்து சரிபார்ப்பார். பழுதில்லாத பிளாக் ‘நல்ல நிலை’ என்று குறிக்கப்படும். பத்து வருஷத்துக்கு அதற்குப் பணம் கிடையாது. நியாயமான திட்டம், குறை சொல்ல ஒன்றுமில்லை. அறிவிப்புப் பலகையில் படித்துவிட்டு வாஷரே, “இப்பவாச்சும் புத்தி வந்துச்சே” என்றார். இரண்டாம் தடவை படித்தபோதுதான் ஏழாம் பிளாக்கிலிருந்து புகாரே போனதில்லை என்பது உறைத்தது.

நேரே அலுவலகத்துக்கு ஓடினார். குமாஸ்தா புகார்ப் பதிவேட்டைப் புரட்டிச் சிரித்தார். “ஏழாம் பிளாக்கா? மூணு வருஷத்துல நாலே நாலு ஃபாரம். அதுலயும் ரெண்டு, மாடிப்படி பல்பு. யாருக்குங்க இப்படி ஒரு பிளாக் அமையும்?”

“இப்ப எழுதிக் குடுத்தா ஆகாதா?”

“கணக்கு முடிஞ்சு போச்சு. வியாழக்கிழமை பொறியாளர் அம்மா வராங்க. அவங்க கண்ணால பார்த்து எழுதினா உண்டு.”

வாஷருக்கு உடனே நினைவுக்கு வந்தது தரைத்தளத்துத் தையல்காரியின் வீடு. குழாயின் கசிவெல்லாம் கடைசியில் இறங்குவது அவள் படுக்கையறைச் சுவரில்தான். ஆறு வயது மகள் அந்தச் சுவரோரம் படுத்து மாதம் ஒருமுறை மூச்சு இரைத்து ஆஸ்பத்திரிக்குப் போகிறாள். அந்தக் குழாய் பத்து வருஷம் தாங்காது. பத்து மாதம் தாங்கினாலே பெரிய காரியம். தான் செய்த உபகாரம் அந்தக் குழந்தையின் நெஞ்சில் போய் உட்கார்ந்திருக்கிறதே என்று நினைத்துக்கொண்டே பிளாக்குக்குத் திரும்பினார்.

அன்று மாலையே வீடு வீடாக ஏறி இறங்கினார். “ஒண்ணு விடாம காட்டுங்க. எதையும் மறைக்காதீங்க.” எல்லோரும் தலையாட்டினார்கள்.

பம்ப் ரூமை ஒட்டிய பணியாளர் அறையில் அவர் மனைவி தலையாட்டவில்லை. “ஓய்வு பெற இன்னும் பதினாலு மாசம். கண்ண மூடிக்கிட்டு இருந்தா பென்ஷன் வரும்.”

“கண்ண மூடிக்கலாம். மூக்க என்ன பண்றது?” என்றார் வாஷர். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அவருக்கும்தான்.

வியாழக்கிழமை பொறியாளர் அம்மா வந்தபோது, ஏழாம் பிளாக் கல்யாண வீடு மாதிரி பளபளத்தது. சொட்டுக்கு வைத்த வாளிகளைக் காணவில்லை. தையல்காரி முந்தின நாளே சுவருக்கு வெள்ளையடித்து, அதன்மேல் ஒரு காலண்டரையும் மாட்டியிருந்தாள். கேட்ட வீட்டிலெல்லாம் ஒரே பதில்: “ஒரு குறையும் இல்லீங்க.”

வாஷர் பல்லைக் கடித்துக்கொண்டு தையல்காரியைத் தனியே அழைத்தார். “உனக்கு என்னம்மா வந்துச்சு?”

“எல்லாரும் பேசி முடிவு பண்ணிட்டோம் அண்ணே,” என்றாள் அவள் தாழ்ந்த குரலில். “கிளாம்ப பார்த்தா யார் போட்டதுன்னு கேப்பாங்க. உங்களக் காட்டிக் குடுத்துட்டு நாங்க தண்ணி குடிக்கணுமா?”

இந்தப் பைத்தியக்காரக் கூட்டத்தை என்ன செய்வது? அவருக்குக் கோபமும் வந்தது, கண்ணில் தண்ணீரும் வந்தது. பொறியாளர் அம்மா குறிப்பேட்டை மூடிக்கொண்டு படியிறங்கிக்கொண்டிருந்தார்.

வாஷர் மாடிப்படிக்குப் பின்னால் இருந்த கழிவுநீர்க் குழாய் ஓடும் சந்தின் கதவைத் திறந்தார். “அம்மா, ஒரு நிமிஷம்” என்றார். அந்த அம்மா திரும்பிப் பார்ப்பதற்குள் ஸ்பேனரை மாட்டி, கிளாம்ப் ஒன்றைத் தளர்த்தினார். கறுப்புத் தண்ணீர் பீறிட்டு இரண்டு பேரையும் நனைத்தது.

அந்த அம்மா கத்தவில்லை. கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, டார்ச்சை அடித்து மேலே பார்த்தார். குழாய் முழுக்கக் கிளாம்பும் ரப்பர்க் கட்டும். “யார் போட்டது இதெல்லாம்?”

“நான்தாங்க.”

“ஃபாரம்?”

“இல்லீங்க. பத்தொன்பது வருஷமா இல்ல.”

அந்த அம்மா டார்ச்சை அணைத்தார். “இத எழுதினா உங்களையும் எழுதணும். விசாரணை வரும். ஒரு குழாய வச்சு மட்டும் பணம் வராது. விசாரணையில இங்க குடியிருக்கிறவங்க வந்து என்னென்ன பழுதாச்சுன்னு சொன்னா, அத நான் புகார்க் கணக்குல சேக்கச் சொல்றேன். ஆனா ஒவ்வொண்ணும் உங்க மேல குற்றமாவும் ஏறும். புரியுதா?”

“ஏறட்டும்மா,” என்றார் வாஷர், கிளாம்பை மறுபடி முறுக்கிக்கொண்டே.

முடிவு அந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். பிளாக்குக்குப் பணம் வந்தது, வாஷருக்கு வேலையும் போனது, பென்ஷனும் போனது. சொல்ல வேண்டியது விசாரணை நடந்த விதம்.

முதலில் வந்தவர்கள் வாயில் கொழுக்கட்டையோடு நின்றார்கள். மூன்றாம் மாடி டிரைவர் ஒருபடி மேலே போய், “இவர் எங்க வீட்டுப் பக்கமே வந்ததில்லீங்க” என்றான்.

வாஷர் எழுந்துவிட்டார். “பொய் சொல்றான் சார். இவன் கல்யாணத்துக்கு முந்தின நாள் சமையலறை அடைச்சுக்கிச்சு. முழங்கை வரைக்கும் உள்ள விட்டு எடுத்தேன். மாப்பிள்ளதான் டார்ச் புடிச்சான். எழுதிக்குங்க.”

அறை சிரித்தது. டிரைவர் மட்டும் சிரிக்கவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு, “ஆமாங்க” என்றான். “அதுக்கப்புறம் ரெண்டு தடவை வந்தாரு.”

“மூணு,” என்றார் வாஷர்.

அதன்பின் மடை திறந்தது. ஒவ்வொருவராக வந்து சொன்னார்கள், குமாஸ்தா எழுதினார். மறந்ததை வாஷர் எடுத்துக் கொடுத்தார். சுவரோரம் உட்கார்ந்திருந்த அவர் மனைவி, முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

கடைசியில் தையல்காரி.

“சொல்லும்மா. பாப்பாவுக்கு மூச்சு இரைக்குதுல்ல?” என்றார் வாஷர்.

“சொன்னா நீங்க எங்க அண்ணே போவீங்க? அந்த ரூமையும் காலி பண்ணச் சொல்லுவாங்களே.”

வாஷர் மனைவியின் பக்கம் ஒருமுறை பார்த்தார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “சொல்லு தங்கச்சி” என்றாள்.

தையல்காரி சொல்ல ஆரம்பித்தாள். பாப்பாவுக்கு முதல் தடவை மூச்சு இரைத்த வாரம் ஒரு கசிவு, மழையில் ஒன்று, பள்ளிக்கூடம் திறந்த அன்று ஒன்று. வாஷர் விரல் மடக்கி எண்ணிக்கொண்டே நின்றார், ஒன்றுகூட விட்டுப்போய்விடக் கூடாதே என்று.