பதினோரு எழுத்துக்குப் பின்னால்

கப்பல் ஏஜெண்டு ஆபீசில் நான் எழுத்து வேலைக்குக் கிராணியாகச் சேர்ந்த மூன்றாவது மாதம், எனக்கு மேலே இருந்த மூத்த கிராணி மாரடைப்பில் போய்விட்டார். என்னை நிரந்தரமாக்கலாமா என்று அவர்தான் மேனேஜருக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதினாரா என்று யாருக்கும் தெரியவில்லை. அவருடைய நாற்காலியும் கம்ப்யூட்டரும், பழைய ஃபைல்களை அழித்துக் கொடுத்த டிஸ்க் ஒன்றும் எனக்கு வந்தன.

பிள்ளைகளா, அப்பாவுக்குக் கம்ப்யூட்டர் அப்போது புதுசு. கண்டெய்னருக்கு ஒரு அட்டை போடுகிற மாதிரி, ஒவ்வொன்றுக்கும் தனி ஃபைல் திறந்து அதன் நம்பரை மட்டும் அடித்தேன். பதினோரு எழுத்து. சில வாரத்திலேயே டிஸ்க் நிறைந்துவிட்டது. கம்ப்யூட்டர் கடையிலிருந்து ஒரு பெண் வந்து பார்த்தாள்.

"அண்ணே, ஒரு எழுத்துன்னா ஒரு பைட். ஆனா டிஸ்க் சில்லறையா இடம் கொடுக்காது லா. பதினொண்ணு எழுதினாலும் ஒரு கிலோபைட்டைப் பிடிச்சிக்கும்."

"கிலோன்னா ஆயிரம்தானே?"

"ஆயிரத்து இருபத்து நாலு. பாசார்ல காய்கறிக்காரங்ககூட கிலோவுக்கு இப்படிக் கூடப் போட்டுத் தரமாட்டாங்க!" என்று சிரித்தாள்.

"அப்ப மீதி இடத்துல என்ன இருக்கு?"

"முன்னாடி இருந்தது. அழிச்சா ஃபைல் பேருதான் போகும். பாக்குறீங்களா?"

ஏதோ தட்டினாள். பட்டப்பகல், வெளியே துறைமுகத்தை ஒட்டிய வெல்ட் கீ சாலையில் லாரிச் சத்தம். கறுப்புத் திரையில் என் பதினோரு எழுத்து. அதன் கீழே வெறுமை. அதற்கும் கீழே, ஒரு வாக்கியத்தின் நடுவிலிருந்து இங்கிலீஷ் எழுத்துகள். முற்றுப்புள்ளிக்குப் பின்னால் இரண்டு இடம் விட்டிருந்தது. எங்கள் ஆபீசில் இறந்தவர் மட்டும்தான் அப்படி அடிப்பார். அதில் என் பெயர் இருந்தது. 'நேர்மையான ஆள். ஆனாலும் இவரிடம் நாம்' என்கிற அளவில் கிலோபைட் முடிந்துபோயிருந்தது.

நான் திரைக்குப் பக்கத்தில் குனிந்தேன். "அடுத்தது எங்கே?"

அடுத்த கட்டத்தைத் திறந்தாள். அங்கே இன்னொரு கண்டெய்னர் நம்பர், அவ்வளவுதான்.

"அதுமேலதான் நீங்க எழுதிட்டீங்க, அண்ணே. எழுதறப்ப பாதிக் கட்டம் துடைஞ்சிரும், மிச்சக் கடிதம் அதுக்குள்ளேயே முடிஞ்சிருக்கும்."

அந்நேரம் பார்த்து மேனேஜர் உள்ளே வந்தார். "அவரு உங்களைப் பத்தி ஏதாச்சும் எழுதி வச்சிருக்காரா?"

அந்தப் பெண் என் முகத்தையே பார்த்தாள்.

"ஒண்ணும் இல்ல, சார்," என்றேன்.

வேலை நிரந்தரமானது. அந்த நாற்காலியிலேயே பல வருஷம் உட்கார்ந்தேன். இன்றைக்கும் யாராவது என்னை நேர்மையான ஆள் என்று சொன்னால், அடுத்து 'ஆனாலும்' என்று வருமோ என்று காது தானாகக் காத்திருக்கும்.