மான் குளம்பு பதித்த பள்ளமும் ஒரு பக்க உள்ளூர் விதியும்: சீனக்குடாவில் ஒரு சனிக்கிழமை

மட்டக்களப்பில் இருந்து திருகோணமலைக்குப் போகிறவர்கள் கோணேசரைக் கும்பிடப் போவார்கள், அல்லது நிலாவெளியில் குளிக்கப் போவார்கள். போன ஓகஸ்ற் பள்ளி விடுமுறையில் நான் போனது கோல்ஃப் போட்டிக்கு நடுவராக நிற்க. இத்தனைக்கும் நான் ஒரு நாளும் கோல்ஃப் மட்டையைத் தொட்டதில்லை.

விளக்கம் சொல்லிவிடுகிறேன். நான் விஞ்ஞான ஆசிரியை. வலைப்பந்துக்குப் பல வருடங்களாக நடுவர். கால் சுளுக்கி வீட்டில் கிடந்த ஒரு மாதத்தில், பொழுது போகாமல் இணையத்தில் கோல்ஃப் விதிகள் படிக்கத் தொடங்கினேன். பரீட்சையும் எழுதி, சித்தியும் அடைந்தேன். என்னைப் பிடித்து வைத்தது விளையாட்டல்ல, அதை ஆளுகிற முறை. விதிகளை இரண்டு அமைப்புகள் சேர்ந்து எழுதுகின்றன. ஒன்று ஸ்கொட்லாந்தில் கடலோரச் சிறு பட்டினம் ஒன்றில் இருக்கிறது, மற்றது அமெரிக்காவில். அமெரிக்காவையும் மெக்சிக்கோவையும் அமெரிக்க அமைப்பு பார்த்துக்கொள்ளும். நாங்கள் உட்பட மிச்ச உலகம் முழுக்க ஸ்கொட்லாந்துப் பக்கம். ஆனால் புத்தகம் ஒன்றுதான். இன்னொரு விசேஷமும் உண்டு: பெரும்பாலான ஆட்டங்களில் நடுவரே இருக்க மாட்டார். ஆடுகிறவர்தான் தன்னுடைய பிழையைத் தானே சொல்ல வேண்டும். வலைப்பந்தில் விசில் ஊதி ஊதித் தொண்டை கட்டிப்போன எனக்கு இது நம்ப முடியாத செய்தியாக இருந்தது.

இது எப்படியோ கிண்ணியா றிஸ்வானின் காதுக்குப் போய்விட்டது. அவருடைய மனைவி என்னோடு வலைப்பந்து நடுவராக நின்றவர். றிஸ்வான் ஒரு ஹோட்டலில் முகாமையாளர், திருகோணமலைச் சீனக்குடா மைதானத்தில் போட்டிகளை நடத்தும் குழுவின் செயலாளரும் அவர்தான். "ரீச்சர், பெண்கள் போட்டிக்கு நடுவர் ஒராள் குறையுது. வருவீங்களோ?" என்று கேட்டார். அவர் கேட்டு முடிக்க முன்னமே ஓம் என்றுவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை 5.30 பஸ். வாகரை வழியாகப் போகிற கரையோரப் பாதை, ஏறத்தாழ 130 கிலோமீற்றர், கட்டணம் 560 ரூபாய். இடப்பக்க யன்னலில் இருந்தால் வெயில் படாது, வலப்பக்கம் இருந்தால் கடல் தெரியும். நான் வெயிலைத் தெரிவு செய்தேன். வெருகல் பாலத்தில் பஸ் மெதுவாக ஊர்ந்தபோது, ஆற்றில் இடுப்பளவு தண்ணீரில் இரண்டு பேர் வலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். கிளிவெட்டியில் வயல் அறுத்து முடிந்து கொக்குகள் நின்றன. நான் மடியில் விதிப் புத்தகத்தை வைத்து மனப்பாடம் செய்துகொண்டு வந்தேன். கிண்ணியாப் பாலம் தாண்டும்போது 9.20. உள்துறைமுக வீதிக்குப் பக்கத்தில் அறை எடுத்தேன்: காற்றாடி மட்டும், காலைச் சாப்பாட்டோடு 4,500 ரூபாய்.

சனிக்கிழமை 6.15க்கு ஓட்டோ. நகரத்தில் இருந்து மைதானத்துக்குப் பத்து கிலோமீற்றர் வரும், 1,200 ரூபாய் சொன்னார். ஓட்டோக்காரர் கண்ணாடியில் என்னைப் பார்த்துக் கேட்டார்.

"அங்க பந்து அடிக்கிற இடத்துக்கோ? நீங்க அடிக்கிறதோ?"

"இல்லை, அடிக்கிற ஆக்கள் விதிப்படி அடிக்கினமோ எண்டு பார்க்கிறது."

"அதுக்கு மட்டக்களப்பில இருந்து ஆள் வேணுமோ?" என்றார்.

மைதானம் துறைமுகத்தின் உட்குடாவை ஒட்டி இருக்கிறது. வாசலில் அடையாள அட்டை பார்ப்பார்கள். உள்ளே போனால் முதலில் தண்ணீர், பிறகு தூரத்தில் நிற்கிற கப்பல், பிறகு ஓகஸ்ற் வெயிலில் செம்மண் நிறமாகக் காய்ந்த புல். புல்லுக்கு நடுவில், எங்கள் ஊரில் மாடு நிற்கிற மாதிரிப் புள்ளி மான்கள். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

றிஸ்வான் ஒரு தாளைத் தந்தார். "இதுதான் ரீச்சர் இண்டைக்கு எங்கட உள்ளூர் விதி." உலகப் புத்தகத்தை எந்த மைதானமும் மாற்ற ஏலாது. ஆனால் ஒவ்வொரு இடத்தின் நிலத்துக்கும் ஏற்றபடி, அந்த இரண்டு அமைப்புகளும் முன்கூட்டியே எழுதி வைத்த 'மாதிரி விதி'களில் இருந்து வேண்டியதை மைதானக் குழு எடுத்துக்கொள்ளலாம். றிஸ்வானின் தாளில் மூன்று இருந்தன: மணற்குழிக்குள் கிடக்கிற கல், ஒரு கம்பிவேலி, புதிதாக நட்ட மரக்கன்றுகள். நான் இரண்டு தரம் வாசித்தேன்.

வெல்வார்கள் என்று எல்லாரும் நினைத்த இருவரோடு என்னை அனுப்பினார்கள். ஒருத்தி சுகந்தி, சல்லியைச் சேர்ந்தவள், இருபத்துநாலு வயது, நிலாவெளியில் ஒரு ஹோட்டலில் வரவேற்பில் வேலை. அங்கே வந்த வெளிநாட்டுக்காரர் ஒருவர் விட்டுப்போன மட்டைகளில் பழகியவள். அவளுடைய பையைச் சுமந்தது அண்ணன் சுதன், கடலுக்குப் போகிறவர், நல்ல தோள். மற்றவள் கொழும்பில் இருந்து வந்த தில்ருக்ஷி. வெல்கிற ஒருத்திக்கு மட்டும் தேசிய அணியின் பயிற்சி முகாமில் இடம். மொத்தம் பதினெட்டுக் குழி, குறைந்த அடியில் முடிக்கிறவள் வெல்வாள். பதினாறு குழி முடிந்தபோது இருவரும் ஒரே கணக்கில் நின்றார்கள். சுகந்தி மட்டையை வீசுகிற விதத்தைப் பார்த்து, நடுவர் என்பதை மறந்து இரண்டு தரம் கைதட்டப் போய் என்னை நானே அடக்கிக்கொண்டேன்.

பதினேழாவது குழி. சுகந்தி அடித்த பந்து நேராகப் பறந்து வெட்டிய புல்லின் நடுவே விழுந்தது. போய்ப் பார்த்தால் ஒரு பள்ளத்துக்குள் கிடக்கிறது. ஒழுகுகிற தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் மான் நடந்து, குளம்பு ஆழப் பதிந்து, பிறகு வெயிலில் சேறு கல்லாக இறுகிய பள்ளம். பந்தின் பாதிதான் வெளியே தெரிந்தது.

சுகந்தி குனிந்து பந்தை எடுக்கப் போனாள்.

"பொறுங்கோ," என்றேன்.

"குளம்புப் பள்ளம் மிஸ். இஞ்ச நாங்கள் எப்பவும் எடுத்துப் பக்கத்தில வைக்கிறனாங்கள்."

ஆனால் விதி எனக்குத் தெரியும். மிருகம் தோண்டிய பொந்து என்றால் தண்டம் இல்லாமல் எடுத்து வைக்கலாம். குளம்பு அழுத்திய தடம் தோண்டியது ஆகாது. மான் திரிகிற மைதானங்களுக்கென்று அதற்கு ஒரு மாதிரி விதி இருக்கிறது, ஆனால் குழு அதைத் தாளில் போட்டிருக்க வேண்டும். தாளில் இருந்தது மூன்று மட்டும்.

"இண்டைய தாளில அது இல்லை. கிடக்கிற மாதிரியே அடிக்கவேணும். இல்லாட்டி ஒரு தண்ட அடியோட எடுத்து வைக்கலாம்."

சுதன் பையைக் கீழே வைத்தார். "மிஸ், நம்மட பிள்ளைதானே," என்றார், மெதுவாக, தில்ருக்ஷிக்குக் கேட்காமல்.

சுகந்திக்கு விதி தெரியும். அதுதான் எனக்கு வினையாகியது. "உங்களுக்குச் சந்தேகம் எண்டு சொன்னா நான் ரெண்டு பந்து அடிக்கலாம்தானே மிஸ், ஒண்டு கிடக்கிறபடி, ஒண்டு எடுத்து வச்சு. எது கணக்கு எண்டு பிறகு குழு முடிவு செய்யட்டும்."

சரியாகத்தான் சொன்னாள். நடுவருக்கே நிச்சயம் இல்லையென்றால் அப்படிச் செய்யலாம். சந்தேகம் என்ற ஒரு சொல் போதும், எல்லாரும் சந்தோஷமாகப் போகலாம். ஆனால் எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை.

"எனக்கு நிச்சயமாத் தெரியும்," என்றேன். "ஏலாது."

அவள் மட்டையை மாற்றி ஓங்கி அடித்தாள். மண்கட்டியும் பந்தும் சேர்ந்து கிளம்பி, பந்து பாதித் தூரத்தில் விழுந்தது.

கிறீன் என்கிற, குழியைச் சுற்றிய வழவழப்பான புல்லில், தில்ருக்ஷியின் பந்துக்கும் குழிக்கும் நடுவே இரண்டு குளம்படிகள் இருந்தன. இவற்றைச் சரிசெய்யலாமா என்று ஆங்கிலத்தில் கேட்டாள். சரிசெய்யலாம், அந்தப் புல்லில் மட்டும் உலகப் புத்தகமே அதை அனுமதிக்கிறது. நான் ஓம் என்று தலையாட்டினேன். "அவவுக்கு ஓம், எங்களுக்கு ஏலாது," என்று சுதன் கப்பலைப் பார்த்துச் சொன்னார். அந்த இரண்டு நிமிடம்தான் என் முழுப் பயணத்திலும் நீளமான இரண்டு நிமிடம். தில்ருக்ஷி நாலு அடியில் முடித்தாள், சுகந்தி ஐந்தில். கடைசிக் குழியில் இருவரும் நாலு. ஒரு அடியில் சுகந்தி தோற்றாள்.

தேநீர் மேசையில் அவளே வந்து எனக்கு முன்னால் கதிரையை இழுத்துப்போட்டு இருந்தாள். கண் சிவந்திருந்தது, குரல் சரியாக இருந்தது.

"ஸ்கொட்லாந்தில இருக்கிற ஆக்களுக்கு எங்கட மானைப் பற்றி என்ன தெரியும் மிஸ்?"

"அவைக்குத் தெரியாது. அதாலதான் அதை இஞ்ச உள்ள குழுவிட்ட விட்டிருக்கினம்."

றிஸ்வான் தொலைபேசியில் குளம்பு விதியைத் தேடிக்கொண்டிருந்தார். நிறுத்தி, எழுந்து, சுகந்தியிடம் வந்தார். "வசனம்கூட அவங்களே எழுதி வச்சிருக்காங்க தங்கச்சி. நாங்கதான் வாசிக்கல்ல. பிழை எங்கட. முடிவை இனி மாத்த ஏலாது. அடுத்த போட்டியில இருந்து இது தாளில வரும்."

"ஆர் உங்கட குழுவில?" என்று கேட்டாள் சுகந்தி.

"நாங்க மூணு பேர்."

"விளையாடுற பொம்பிளையள்?"

றிஸ்வான் யோசித்தார். "இல்லை," என்றார். "நீங்க வாறீங்களோ?"

தில்ருக்ஷி கோப்பையோடு வந்து எங்கள் மேசையில் இருந்தாள். அந்தப் பள்ளத்தைத் தானும் பார்த்ததாகவும், தான் என்றால் அழுதிருப்பேன் என்றும் சொன்னாள். நான் மொழிபெயர்த்தேன். "நானும் அழுதனான் எண்டு சொல்லுங்கோ," என்றாள் சுகந்தி. இருவரும் சிரித்தார்கள். சுதன் மட்டும் சிரிக்கவில்லை. ஆனால் என்னை பஸ் நிலையத்துக்குக் கொண்டுபோய் விட்டது அவருடைய மோட்டார் சைக்கிள்தான், காசும் வாங்கவில்லை.

போக விரும்புகிறவர்களுக்கு: மே தொடக்கம் செப்ரெம்பர் வரை மழை இல்லை, ஆனால் காற்றும் வெயிலும் கடுமை. 7 மணிக்கு முன் மைதானத்தில் நில்லுங்கள், 11க்குப் பிறகு நிற்க ஏலாது. அடையாள அட்டை கட்டாயம், முதல் நாளே தொலைபேசியில் கேட்டுவிட்டுப் போங்கள். திரும்பி வர ஓட்டோ கிடைக்காது, வந்த ஓட்டோக்காரரின் இலக்கத்தை வாங்கி வையுங்கள். விளையாடுகிறவர்கள் அந்த ஒரு பக்கத் தாளை, பந்தை வைக்க முன் வாசியுங்கள். அதில் என்ன இல்லை என்பதையும் வாசியுங்கள். வலைப்பந்தில் நான் கற்காத ஒன்றை இங்கே கற்றேன்: விதி எவ்வளவு தூரத்தில் எழுதப்பட்டாலும், அதில் எங்களுடைய பங்கு என்று ஒரு வெற்று இடம் விட்டிருக்கும். அதை நாங்கள் நிரப்பாவிட்டால் எவரும் வந்து நிரப்ப மாட்டார்கள்.

மூன்று கிழமைக்குப் பிறகு சுகந்தி தொலைபேசி எடுத்தாள். குழுவில் சேர்ந்துவிட்டாளாம். முதல் போட்டியிலேயே, ஆடிக்கொண்டிருந்து அவளை நடுவராகக் கூப்பிட்டவர், நிலாவெளியில் அவள் வேலை செய்கிற ஹோட்டலின் மனேஜர். பந்து பள்ளத்தில், மான் குளம்பு, எடுத்து வைக்கட்டுமா என்று கேட்டிருக்கிறார்.

"போய்ப் பார்த்தா மான் இல்லை மிஸ். ஆரோ மட்டையால புல்லை வெட்டிப்போட்ட பள்ளம். அதுக்குச் சலுகை இல்லைத்தானே. ஏலாது எண்டிட்டன்."

"பிறகு?"

"குனிஞ்சு பார்த்தார். அப்படியே அடிச்சார். திங்கக்கிழமை வேலைக்குப் போகத்தான் பயம். போனா, அவர் முதல் கதைச்சதே அதைப் பற்றித்தான். அந்தப் பள்ளத்துக்கும் உங்கட தாளில ஒரு விதி போடுங்கோவன் எண்டார்."

"நீங்கள் என்ன சொன்னீங்கள்?"

"புத்தகத்தில இல்லை சேர், எங்களுக்கு அதிகாரம் இல்லை எண்டன்," என்றாள். "சொல்லிப்போட்டு லீவு ஃபோமையும் நீட்டினனான். அடுத்த பயிற்சி முகாமுக்குத் தெரிவு இருக்கு, நாலு நாள் வேணும். ஒரு சொல்லும் கேக்காமல் ஒப்பம் வச்சார் மிஸ்."