முதுகுக்குப் பின்னால் கேட்ட சத்தம்

இருபது வருடமாக ஒரு கோல்ஃப் கிளப்பில் பயிற்சியாளராக இருக்கிறேன். என் வாய் ஓயாது. பணி ஓய்வுக்குப் பிறகு சாந்தோமிலிருந்து கற்க வந்த ரோஸ்லின் டீச்சரை மூன்று மாதம் தோள், முழங்கை, பிடி என்று திருத்திக்கொண்டே இருந்தேன். ஒரு பந்தும் ஒழுங்காகப் பறக்கவில்லை.

‘இது உங்களுக்குச் சரிப்பட்டு வராது’ என்று சொல்லிவிட முடிவெடுத்த காலையில், எனக்குப் போன் வந்தது. திரும்பி நின்று பேசினேன். பின்னால் ‘டக்’. பந்து மட்டையின் நடுவில் பட்டால் மட்டுமே வரும் சத்தம். மறுபடியும் ‘டக்’.

“எப்படி டீச்சர்?”

“தலைக்கு மேல நின்னுட்டே இருந்தா எந்தப் பிள்ளைக்கும் கணக்கு வராது சார்!” என்று சிரித்தார்.

இப்போது ஒவ்வொரு வகுப்பிலும் கடைசிப் பத்துப் பந்துக்கு வாயை மூடிக்கொண்டு திரும்பி நிற்கிறேன். காதுக்குச் சுகமாக இருக்கிறது. அன்று அவரை நிறுத்திவிட இருந்ததை மட்டும் டீச்சரிடம் இன்னும் சொல்லவில்லை.