கண் நிலைகுத்தும் முன்

என் மகள் நாலாம் வகுப்பு படிக்கும்போது டீச்சர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். "பாதிப் பாடத்துல எங்கேயோ பாத்துக்கிட்டு உக்காந்துடுறா சார். கவனமே இல்ல." எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. மறுநாளே எங்கள் ஸ்ரீரங்கம் வீட்டு மொட்டை மாடியில் அவளுக்கு மூச்சுப் பயிற்சி ஆரம்பித்துவிட்டேன். மனம் ஒருமுகப்பட அதைவிட நல்ல மருந்து கிடையாது என்பது என் கட்சி. யாரைக் கேட்டேன்? யாரையும் கேட்கவில்லை. எல்லாம் தெரிந்த அப்பா.

தினமும் காலையில் சம்மணம் போட்டு உட்காரவைத்து, வேகமாக மூச்சை இழுத்து விடச் சொல்வேன். இரண்டு நிமிடத்தில் சட்டென்று அடங்கிப்போவாள். கண் ஒரே இடத்தில் நிற்கும். இமை மட்டும் லேசாகத் துடிக்கும். கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். தியானம் கூடிவிட்டது என்று நினைத்தேன். "நம்ம பொண்ணுக்கு எவ்வளவு சீக்கிரம் கைவந்துருச்சு பாரு" என்று மனைவியிடம் பீற்றிக்கொண்டேன். ஏழு மாதம் இந்தக் கூத்து நடந்தது.

ஒருநாள் சாப்பிடும்போதும் அதே மாதிரி ஆகி, சோறு கையிலிருந்து நழுவி விழுந்தது. புத்தூரில் ஒரு நரம்பு டாக்டரம்மாவிடம் போனோம். தலையெல்லாம் ஒயர் ஒட்டி, மூளைக்குள் நடப்பதைத் திரையில் கோடுகளாக ஓடவிட்டார்கள். டெக்னீஷியன் அவளிடம், "நல்லா வேகமா மூச்சு விடு பாப்பா" என்றார். மொட்டை மாடியில் நான் தினமும் சொன்ன அதே வார்த்தை. கொஞ்ச நேரத்தில் கோடுகள் எல்லாம் ஒன்றாக எகிறின. அவள் கண் நின்றுவிட்டது.

"இது ஒரு வகை வலிப்பு சார். வேகமா மூச்சு விட்டா வந்துடும். அதான் அப்படிப் பண்ணிப் பாக்குறோம்" என்றார் டாக்டரம்மா. அன்றோடு பயிற்சியை நிறுத்தினேன். மொட்டை மாடி விஷயத்தை அவரிடம் இன்றுவரை சொல்லவில்லை.

திருவெறும்பூர்ப் பக்கம் ஒரு சின்ன பேப்ரிகேஷன் கம்பெனியில், வெல்டிங்கில் விரிசல் இருக்கிறதா என்று எக்ஸ்ரே பிலிமில் பார்ப்பது என் வேலை. உடைவதற்கு முன்னால் கண்டுபிடிக்கத்தான் எனக்குச் சம்பளம். அதனால் விடாமல் கேட்டேன். "வர்றதுக்கு முன்னாடி ஏதாவது தெரியுமா மேடம்?"

"மூளையில அதுக்கு முன்னாலயே லேசா ஒரு மாற்றம் ஆரம்பிச்சிடுதுன்னு ஆராய்ச்சியில பாத்திருக்காங்க. பதிவை அப்புறமா கம்ப்யூட்டர்ல அலசினா தெரியுது. வெளியிலேருந்து பாக்குற நமக்கு ஒண்ணும் தெரியாது."

சொன்னால் கேட்கிற ஆளா நான்? அவள் முகத்தையே பார்க்க ஆரம்பித்தேன். சாப்பிடும்போது, படிக்கும்போது, காவிரிப் பாலத்தில் பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும்போது. உதடு அசைகிறதா, புருவம் சுருங்குகிறதா என்று இரண்டு வருடம் பார்த்தேன். ஒரு அடையாளமும் சிக்கவில்லை. சிரித்துக்கொண்டே இருப்பாள், அடுத்த கணம் இருக்கமாட்டாள். மாத்திரையை இரண்டு முறை மாற்றியாயிற்று. வளர வளரச் சரியாகிவிடும் என்று முதலில் சொன்ன டாக்டரம்மா இப்போது அதைச் சொல்வதில்லை. நானும் கேட்பதில்லை. எனக்கு நம்பிக்கை விட்டுப்போய்விட்டது.

போன வாரம் இட்லி சாப்பிட்டுக்கொண்டே பள்ளிக்கூடக் கதை சொன்னாள். பாதியில் நின்றாள். ஏழெட்டு நொடி. பிறகு இட்லியைப் பிட்டாள். வந்ததும் போனதும் அவளுக்குத் தெரியாது. என்னைப் பார்த்தாள்.

"இப்ப வந்துச்சாப்பா?"

"இல்லியே."

"பொய் சொல்லாதீங்க. வந்துச்சுன்னா உங்க மூஞ்சி ஒரு மாதிரி ஆயிடும். அத வச்சுத்தான் எனக்கே தெரியும். என்னைப் பாக்காதீங்கப்பா."

தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனவள், எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சாப்பிட்டாள்.