அனுப்புகிறவர்

வெளிநாட்டில் படிக்கப் போகும் பிள்ளைகளின் பெற்றோருக்கு விளக்கம் சொல்வது என் வேலை. பெங்களூரில் அன்று கூட்டத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் தமிழர்கள். நான் விளக்கியது மட்டும் ஆங்கிலத்தில்.

பொம்மசந்திரா தொழிற்பேட்டைக் கம்பெனி ஒன்றின் யூனிஃபார்மில் வந்திருந்த ஓர் அம்மா, புரியாத வார்த்தை வந்தால் உடனே கை தூக்குவார். மூன்றாம் முறை தூக்கியபோது, "மிச்சத்தை வீட்ல உங்க பொண்ணு சொல்லுவாங்கம்மா" என்றேன்.

அவர் எழுந்து நின்றார். "அவ 'பயப்படாதம்மா'ன்னு மட்டும்தான் சார் சொல்லுவா. அங்க உடம்பு சரியில்லன்னா யார் பாப்பாங்கன்னு எனக்குத் தெரியணும். போறது அவ, அனுப்புறது நான். தமிழ்ல சொல்லுங்க. புரிஞ்சாத்தான் இந்தச் சம்மத ஃபாரத்துல கையெழுத்துப் போடுவேன்."

முதலிலிருந்து தமிழில் சொன்னேன். அதுவரை தலையாட்டிக்கொண்டிருந்த, கோட் போட்ட அப்பா ஒருவர் மெல்லக் கேட்டார்: "சார், இன்சூரன்ஸ் விஷயத்த இன்னொரு தடவ சொல்றீங்களா?"

இத்தனை வருடமும், தலையாட்டியவர்களுக்கெல்லாம் புரிந்துவிட்டது என்றே நான் நினைத்திருந்தேன்.