ரெக்ஸுக்குப் பிறகு வந்த ஆடு

காலை 7.25க்கு நான் தரம் ஐந்து வகுப்பறைக்குள் நுழைந்தபோது என் மேசையருகே ஓர் ஆடு நின்றது. 7.26க்குப் பின்வரிசையில் ஒரு கூடையைக் கண்டேன். அதற்குள் இரண்டு கோழிகள். 7.27க்கு யன்னலோரம் ஒரு நாய்க்குட்டியும் போத்தலுக்குள் ஒரு நத்தையும். ஒன்பது மணிக்கு வலயக் கல்விக் காரியாலயத்திலிருந்து ஆங்கில ஆலோசகர் வரவிருந்தார். எல்லாம் அன்றைய டயரியில் இருக்கின்றன. கையெழுத்துதான் கொஞ்சம் கோணல்.

கண்டிக்கு அருகே ஹந்தானை மலையிலுள்ள ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் ஆங்கிலம் கற்பிக்கிறேன். புதிதாக நியமனம் பெற்று வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஆடு வந்தது பிள்ளைகளின் குறும்பால் அல்ல, நான் போட்ட விதியால்.

1. ரெக்ஸ்

அதற்கு முந்திய வருடம் வலய ஆங்கில தினத்தின் கட்டுரைப் போட்டிக்கு எங்கள் பாடசாலையிலிருந்து பன்னிரண்டு பேரை அனுப்பினோம். தலைப்பு, செல்லப்பிராணி. பன்னிரண்டு பேரும் “ஐ ஹேவ் எ டோக். இட்ஸ் நேம் இஸ் ரெக்ஸ்” என்று தொடங்கினார்கள். பன்னிரண்டு ரெக்ஸும் பழுப்பு நிறம். பன்னிரண்டும் பின்னேரத்தில் பந்து விளையாடின.

அந்த ரெக்ஸை வளர்த்தவள் நான். மாதிரிக் கட்டுரையைக் கரும்பலகையில் எழுதி, வரி பிசகாமல் பாடமாக்கச் சொன்னேன். நானும் அப்படித்தான் படித்தவள். எங்கள் தோட்டத்தில் மணி உண்டு, டொமி உண்டு. ரெக்ஸ் என்று ஒரு நாய் இருந்ததே இல்லை.

ஆலோசகர் யாழ்ப்பாணத்துக்காரர். தொலைபேசியில் பேசினார்.

“ரீச்சர், பன்னிரண்டு பிள்ளையளுக்கும் ஒரு நாய்தானோ?”

“மன்னிக்கணும் சேர்.”

“வாற வருசம் நான் நேர வந்து பாப்பன். பாடமாக்கினதெண்டு கண்டா போட்டிக்கு ஒரு பேரும் எடுக்கமாட்டன்.”

அதிபரிடம் சொன்னேன். அவர் கேட்டார்: “அப்ப பன்னெண்டு நாய எழுதிக் குடுத்திருக்கலாமே டீச்சர்?”

2. நாலு கட்டம், நாலு சரி

மறுவருடமும் தலைப்பு அதேதான். தரம் ஐந்தின் பன்னிரண்டு பேருக்கும் முறையை மாற்றினேன். முதலில் திட்டம்: தாளில் நாலு கட்டம். யார், எப்படி இருக்கும், என்ன செய்யும், ஒருநாள் என்ன நடந்தது. கட்டத்துக்குள் ஓரிரு சொல்தான். வசனம் எழுதினால் அழிறப்பர் வந்து அழித்துவிடும். பிறகு எழுதுவது: ஐந்து வசனம், ஒரு வரி விட்டு ஒரு வரி. கடைசியில் பார்வையிடுவது: தாளை அருகில் இருக்கும் சோடியிடம் கொடுக்க வேண்டும். சோடி பென்சிலால் மூன்று சரி அடையாளம் போடும். முதலெழுத்து பெரியதா, முற்றுப்புள்ளி உண்டா, வாய்விட்டு வாசித்தால் சொல் ஏதும் விடுபட்டிருக்கிறதா.

முதல் வாரம் ரெக்ஸ் ஒன்பது தடவை திரும்பி வந்தது. அதனால் நாலாவது சரியைச் சேர்த்தேன்: எழுதியது உண்மையா? சோடி கண்ணால் கண்டிருந்தால் மட்டுமே சரி போடலாம்.

ரெக்ஸ் ஒரே நாளில் செத்தது. “என் பூனை அழகானது” என்ற வசனத்தின் அருகே சோடி, “ஐ சோ இட். நொட் பியூட்டிஃபுல்” என்று எழுதியது. அன்றைய டயரிக் குறிப்பு: “சண்டை இரண்டு. இரண்டும் ஆங்கிலத்தில்.” கண்டிக்குத் திரும்பும் பஸ்ஸில் தனியே சிரித்துக்கொண்டு வந்தேன்.

ஒன்றை மட்டும் யோசிக்கவில்லை. சோடிகளைப் புள்ளி பார்த்துச் சேர்த்திருந்தேன். வீடு பார்த்து அல்ல. கவிஷானின் வீடு கீழ்ப் பிரிவில், தொழிலாளர் லயத்தில். அவன் சோடி பவித்ரா மேல் பிரிவு; அவன் வீட்டுப் பக்கம் வந்ததே இல்லை. ஆலோசகர் வருவதற்கு முதல்நாள் நான் சொன்னது இதுதான்: “நாளைக்கு சேர் வர முன்ன எல்லாத் தாள்லயும் நாலு சரியும் இருக்கணும்.”

3. ஒன்றரைக் கொம்பு

“கவிஷான், இது என்னடா?”

“ஆடு டீச்சர்.”

“அது தெரியுது. இங்க ஏன்?”

“பவித்ரா சரி போட மாட்டேங்கிறா டீச்சர். பாக்காம போட ஏலாதாம்.”

பவித்ரா அதற்குள் ஆட்டை ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிட்டாள். “டீச்சர், ரெண்டு கொம்புன்னு எழுதியிருக்கான். ஒண்ணு பாதிதான் இருக்கு. என்ன போடுறது?”

“ஒன் அண்ட் எ ஹாஃப்” என்று என் வாய் தானாகச் சொன்னது.

அதிபர் வாசலில் நின்றார். “டீச்சர், இது ஸ்கூலா சந்தையா? ஒம்பது மணிக்குள்ள எல்லாம் வெளிய போகணும்.”

ஆலோசகர் 8.35க்கே வந்துவிட்டார்.

“உது என்ன, ஆடோ?”

“தோட்டப் பாடத்துக்கு எரு வேணும்னு சேர்...” என்று அதிபர் தொடங்கினார்.

பவித்ரா எழுந்து நின்றாள். “இல்லீங்க சேர். அது கவிஷானோட கொம்பொசிஷன். செக் பண்ண வந்துச்சி.”

ஆலோசகர் சிரிக்கவில்லை. “எல்லாத் தாளையும் உள்ள வையுங்கோ” என்றார். கரும்பலகையில் புதுத் தலைப்பு எழுதினார்: எங்கள் வகுப்பறையில் ஓர் ஆடு. “இத ஒருத்தரும் பாடமாக்கியிருக்க ஏலாது. இருபது நிமிசம்.”

முதல் மூன்று நிமிடம் ஒருவரும் ஒரு வசனமும் எழுதவில்லை. அவர் என்னைப் பார்த்தார். “ஏன் ரீச்சர் எழுதீனமில்லை?”

“ப்ளான் பண்றாங்க சேர்.”

பிறகு பென்சில்கள் ஓடத் தொடங்கின. பதின்மூன்றாவது நிமிடம், ஆடு கழுத்தை நீட்டி மேசையோரத்திலிருந்த பவித்ராவின் தாளை இழுத்தது. மூன்று மெல்லலில் தாள் முடிந்தது. வகுப்பு கூச்சலிட்டது. அந்தச் சத்தத்தில் கோழியொன்று அலுமாரி மேலே ஏறியது. கவிஷான் அதன் பின்னால் ஓடினான்.

நான் பவித்ரா அழுவாள் என்று நினைத்தேன். அவள் கடிகாரத்தைப் பார்த்தாள், புதுத் தாளை எடுத்தாள்.

“கட்டம் போடலயா?”

“ப்ளான் தலைக்குள்ள இருக்கு டீச்சர். அத ஆடு திங்கல.”

ஆறு நிமிடத்தில் ஐந்து வசனம். கடைசி வசனம்: “தி கோட் ஏட் மை கொம்பொசிஷன்.” கவிஷானிடம் நீட்டினாள். மூன்று சரி போட்டவன் நாலாவதில் நின்றுவிட்டான்.

“நான் பாக்கல டீச்சர். கோழியப் புடிச்சிக்கிட்டு இருந்தேன்.”

“தின்னுச்சிடா!” என்று முழு வகுப்பும் கத்தியது.

“எங்க ஆடு அப்படிப்பட்டது இல்ல. பாக்காம போட ஏலாது.”

பவித்ரா தாளோடு நேரே ஆலோசகரிடம் போனாள். “சேர், நீங்க பாத்தீங்கதானே?”

“ஓம் பிள்ளை, பாத்தனான்.”

“அப்ப சரி போடுங்க.”

அவர் பையிலிருந்து சிவப்புப் பேனையை எடுத்தார்.

“பென்சில், சேர்.”

அவர் அவளிடமே பென்சில் வாங்கிச் சரி போட்டார். அப்போதுதான் சிரித்தார், நிறுத்த முடியாமல் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார். அதிபரும் சிரித்தார். பாடசாலைப் பதிவேட்டில் ஆலோசகர் எழுதிய குறிப்பை என் டயரியில் பிரதி செய்து வைத்திருக்கிறேன்: “பன்னிரண்டு பெயர்களும் ஏற்கப்பட்டன. ஆடு உண்டது உண்மை. நேரில் கண்டேன்.”

இப்போது சோடி சேர்க்கும்போது வீடு எங்கே என்றும் கேட்கிறேன். தாளை மேசை நடுவில் வைக்கச் சொல்கிறேன். நாலாவது சரியில் கை வைக்கவில்லை. மாதிரிக் கட்டுரை எழுதிப்போட உங்கள் கை துறுதுறுக்கும் நாளில், சுண்ணாம்புக் கட்டியைக் கீழே வைத்துவிட்டு, “உங்க வீட்டுல என்ன இருக்கு?” என்று பிள்ளைகளிடம் கேளுங்கள். அதோடு, “கொண்டு வர வேணாம்” என்றும் மறக்காமல் சொல்லிவிடுங்கள்.