அடுப்பில் போன பத்து ஓட்டைகள்

உங்களுக்கு ஏன் இந்த விடுப்பு, இந்த ஊர்வம்பு?

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டு நின்றேன். முன்பின் தெரியாத ஒரு பெண் என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"அம்மா, நீங்கள்தானே பேப்பரிலை எழுதிறனீங்கள்? பேத்திக்கு ஏதோ பிஸ்டல் பார்த்துக் குடுத்தனான் எண்டு போன கிழமை ஒரு வரி போட்டியள். அது என்ன கதை?"

"பிள்ளை, நீ கத்தரிக்காய் வாங்க வந்தனியோ, என்ரை குடும்பக் கதை வாங்க வந்தனியோ?"

"ரெண்டும்தான்."

கத்தரிக்காய்க்காரர் தராசைக் கீழே வைத்துவிட்டார். அவருக்கும் கேட்க வேண்டுமாம்.

ஒரு வரி... ஒரே ஒரு வரி. ஐந்தாம் வகுப்போடு நின்றவள் எழுதுவதை இப்படி வரி விடாமல் வாசிக்கச் சொல்லி உங்களை யார் கேட்டது? அந்த வரிக்குப் பின்னால் ஒரு வெட்கக்கேடு இருக்கிறது. மூடி வைக்கத்தான் நினைத்தேன். விடமாட்டீர்கள். சரி, கேளுங்கள். ஆனால் கேட்டபிறகு, பாவம், மனுசிக்கு வயதாகிவிட்டது என்று மட்டும் சொல்லக் கூடாது. வயதுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

என் மகள் வசந்தி சுவிஸில் இருக்கிறாள். அவளுடைய ஒரே மகள் அபி. வயது இருபத்திரண்டு. கிழமை நாட்களில் ஒரு பல் வைத்தியரிடம் வேலை. சனிக்கிழமைகளில் துப்பாக்கி சுடும் கிளப். அந்த நாட்டில் அது நாங்கள் பஜனைக்குப் போகிற மாதிரியாம் — கிழவர்களும் வருவார்கள், குமரிகளும் வருவார்கள், முடிந்ததும் கோப்பி குடித்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள்.

வசந்திக்கு அது பிடிக்கவில்லை. "துவக்குச் சத்தத்துக்குப் பயந்து ஓடி வந்தனாங்கள். நீ அதைத் தேடிப் போய்ச் சுடப் போறியோ?" என்று ஒருமுறை கேட்டாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே வீட்டில் எடுக்க விடவில்லை.

அபி முதன்முதலாகப் பத்துக் குண்டையும் கறுப்பு வட்டத்துக்குள் போட்ட அன்று, அந்த இலக்கு அட்டையைத் தாயிடம் நீட்டியிருக்கிறாள். தாய் திரும்பியும் பார்க்காமல் கோப்பை கழுவப் போய்விட்டாளாம்.

அப்படித்தான் அது என்னிடம் வந்தது. திருவிழாவுக்கு ஊருக்கு வந்த ஒரு சொந்தக்காரர் கோப்பாயில் என் வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்தார். கவருக்குள் அட்டை. அட்டையில் பத்து ஓட்டை, கீழே பழக்கிய வாத்தியாரின் கையெழுத்து. கூடவே பிஸ்டல் படங்கள் போட்ட ஒரு கட்டலொக்.

அன்றைக்கே வாட்ஸ்அப்பில் வந்தாள்.

"அம்மம்மா, நீங்களாவது அதை வைச்சிருங்கோ. அம்மா பார்க்கவே இல்லை."

"சாமியறையிலை வைக்கிறன் பிள்ளை. முருகன்ரை வேலுக்குப் பக்கத்திலை. ரெண்டும் ஒரு சாதிதானே."

சிரித்தாள். அதோடு விட்டாளா? பிஸ்டல் ஒன்று தெரிவு செய்யவும் என்னையே கேட்டாள். கிளப்பில் தருகிற இரவல் பிஸ்டல் அவள் கைக்கு ஒத்துவரவில்லை. சொந்தமாக ஒன்று வேண்டும். சம்பளத்துக்குள் அடங்கவும் வேண்டும்.

"ரிம்ஃபயர்தான் அம்மம்மா. சின்னக் குண்டு. குண்டுக்கு அடியிலை இருக்கிற விளிம்பைத் தட்டினால் வெடிக்கும். விலை குறைவு, அதாலை ஒவ்வொரு கிழமையும் நிறையச் சுட்டுப் பழகலாம். கையையும் பெரிசா உதைக்காது."

கட்டலொக்கில் அவள் அடையாளம் போட்டு அனுப்பியது ஒரு புதுப் பிஸ்டல். பாரம் குறைவு, பிளாஸ்டிக் உடம்பு. மற்றது கிளப்பில் ஒரு கிழவர் விற்கிற பழையது. இரும்பு, மரப்பிடி. விலை இரண்டுக்கும் ஏறத்தாழ ஒன்றுதான்.

எனக்குத் துவக்கைப் பற்றி என்ன தெரியும்? சத்தம் தெரியும். எந்தப் பக்கமிருந்து வருகிறது, எவ்வளவு தூரம் என்று தெரியும். தெரிவு செய்யத் தெரியாது. ஆனால் மண்வெட்டி வாங்கத் தெரியும்.

"ரெண்டையும் கையிலை பிடிச்சுப் பார்த்தனியோ?"

"ஓம். ரெண்டும் நல்லாத்தான் இருக்கு."

"கடையிலை பிடிச்சால் எல்லாம் நல்லாத்தான் இருக்கும். கையை நீட்டிப் பிடிச்சுக்கொண்டு ஒரு தேவாரம் முழுக்கப் பாடு. பாடி முடியேக்கை எது ஆடாமல் நிக்குதோ, அது உன்ரை."

"குண்டு போடாமலோ?"

"தேவாரத்துக்குக் குண்டு என்னத்துக்கடி?"

ஞாயிற்றுக்கிழமை பதில் சொல்கிறேன் என்று போய்விட்டாள்.

ஞாயிறு வரமுன் புதன் வந்தது.

காலை. அடுப்பில் புட்டு அவிந்துகொண்டிருந்தது. வாசல் படலை திறக்கிற சத்தம். எட்டிப் பார்த்தேன். பச்சைச் சீருடையில் இரண்டு ஆமிக்காரர், காக்கியில் ஒரு பொலிஸ்காரர், அவர்களுக்குப் பின்னால் பைலோடு ஒரு வெள்ளைச் சட்டை.

அதற்குப் பிறகு நடந்ததை நான் செய்தேன் என்று சொல்ல முடியாது. என் கை செய்தது. சாமியறைக்குப் போனது. அட்டையை எடுத்தது. கட்டலொக்கை எடுத்தது. குசினிக்கு வந்து, புட்டுப்பானையை இறக்கி வைத்துவிட்டு, இரண்டையும் நெருப்புக்குள் செருகியது. கட்டலொக்கின் வழுவழுப்பான தாள் கரும்புகை விட்டது. உடனே ஒரு கொத்து வேப்பிலையை மேலே போட்டது — மணம் மாற. அந்த யோசனைகூட என்னுடையது இல்லை, கையுடையது.

வெள்ளைச் சட்டைக்காரர் குசினி வாசலுக்கு வந்தார்.

"அம்மா, டெங்குப் பரிசோதனை. தண்ணி நிக்கிற தேங்காய்ச் சிரட்டை, பூச்சாடி, பழைய ரயர் ஏதும் இருக்கோ?"

டெங்கு.

பச்சைச் சீருடைக்காரர் இருவரும் என் வாழைகளுக்குள் குனிந்து சிரட்டை தேடிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் பூச்சாடித் தட்டைக் கவனமாகக் கவிழ்த்து வைத்தார்.

பரிசோதகர் மூக்கை உறிஞ்சிப் பார்த்தார். "வேப்பிலைப் புகையோ? நல்ல வேலை அம்மா." அதோடு நிற்கவில்லை. பக்கத்து வீட்டு ராசமணியிடம் போய், "அந்த அம்மாவைப் பாருங்கோ, நுளம்புக்கு எப்பிடிப் புகை போடுறா எண்டு" என்று சொல்லிக் கொடுத்தார். மாலையில் எங்கள் ஒழுங்கையில் நான்கு வீட்டில் வேப்பிலைப் புகை. நான் ஒழுங்கைக்கே முன்மாதிரி.

முன்மாதிரி என்ன செய்துகொண்டிருந்தது தெரியுமா? அடுப்படியில் குந்தியிருந்து ஈர்க்கால் சாம்பலைக் கிண்டிக்கொண்டிருந்தது. வாத்தியாரின் கையெழுத்தில் ஒரு வால் மட்டும் மிஞ்சியிருந்தது. தொட்டேன், அதுவும் உதிர்ந்துவிட்டது.

சண்டை நடந்த காலத்தில் எங்கள் வீடுகளில் அப்படித்தான். படம் உள்ள கடதாசி, பெயர் உள்ள கடதாசி, ஒன்றும் இல்லாத கடதாசிகூட, சீருடை படலைக்கு வரமுன் அடுப்புக்குப் போய்விடும். முதலில் எரிப்பது, பிறகு யோசிப்பது. அந்தக் காலம் முடிந்துவிட்டது என்று எல்லாரும் எங்களுக்குச் சொன்னார்கள். என் கைக்கு யாரும் சொல்லவில்லை.

ஆனால் நான் சொன்ன வெட்கக்கேடு அதுவல்ல. பயம் வெட்கமில்லை. அதற்குப் பிறகு நான் சொன்ன பொய்கள்தான் வெட்கம்.

ஞாயிற்றுக்கிழமை அபி போனில் வந்தாள்.

"அம்மம்மா, தேவாரம் பாடினன். கிழவர் என்னைப் பார்த்த பார்வை... புதுசு பாதியிலையே ஆடத் தொடங்கிட்டுது. பழசு பாரம், ஆனால் அசையாமல் நிண்டது. பிடிதான் கொஞ்சம் பெரிசு."

"மரப்பிடிதானே? சீவி எடு. உன்ரை அம்மப்பா எந்த மண்வெட்டியையும் தன்ரை கைக்குச் சீவாமல் தோட்டத்துக்குக் கொண்டு போனதில்லை."

"அப்ப பழசுதான். சரி, இப்ப என்ரை அட்டையைக் காட்டுங்கோ, எங்கை வைச்சிருக்கிறியள் எண்டு பார்ப்பம்."

"போனிலை கமரா ஏதோ கோளாறு பிள்ளை."

"உங்கடை முகம் தெரியுதே."

"முகம் மட்டும்தான் தெரியும்."

அடுத்த ஞாயிறும் கேட்டாள். பிரேம் போடக் கொடுத்திருக்கிறேன் என்றேன். சொல்லும்போது நல்ல பொய்யாகத்தான் இருந்தது.

"பிரேமோ? உண்மையாவோ அம்மம்மா?"

அந்த முகம் பூத்ததைப் பார்த்தேன். அவள் திரும்பி உள்ளறைப் பக்கம் சத்தமாகச் சொன்னாள்: "அம்மா, கேட்டியளோ? அம்மம்மா என்ரை அட்டைக்குப் பிரேம் போடுறா."

உள்ளே குழாயில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது.

தாய் கோப்பை கழுவப் போனாள். நான் எரித்தேன். எரித்துவிட்டு, அந்தப் பிள்ளையைத் தாய்க்கு முன்னால் பெருமைப்பட வேறு வைக்கிறேன். இதைவிட அவள் தாய் எவ்வளவோ மேல் இல்லையா?

"அபி... பிரேம் இல்லை பிள்ளை. அதை நான் அடுப்பிலை போட்டுட்டன்."

எல்லாவற்றையும் சொன்னேன். படலை, பச்சைச் சட்டை, புட்டு, வேப்பிலை, எல்லாம். அவள் அசையவில்லை. நெட்தான் நின்றுவிட்டது என்று நினைத்தேன்.

"பத்து ஓட்டையும் போச்சுதோ?" என்று கேட்டாள். ஐந்து வயதுப் பிள்ளையின் குரல்.

"ஓம். பத்தும்."

போனுக்குள் வேறொரு முகம் வந்தது. வசந்தி. எவ்வளவு நேரமாக அங்கே நின்றாளோ தெரியாது.

"டெங்கு பார்க்க வந்தவைக்குப் பயந்தோ, அம்மா?"

"ஓம்."

கையிலிருந்த ஈரத்தை உடுப்பில் துடைத்தாள். "நானும் எரிச்சிருப்பன்" என்றாள். பிறகு போனை வைத்துவிட்டாள்.

அதோடு அடுத்த ஞாயிறு போன் வரவில்லை. அதற்கு அடுத்த ஞாயிறும் இல்லை. நான் இரண்டு நாளும் போனைச் சாமியறையில் வைத்துக்கொண்டு பக்கத்திலேயே இருந்தேன். முருகனைப் பார்க்க வெட்கமாக இருந்ததால் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

பிறகு தபாலில் ஒரு கவர் வந்தது. உள்ளே புது அட்டை. ஒன்பது ஓட்டை கறுப்புக்குள், ஒன்று வெளியே வெள்ளையில். பின்பக்கம் அபியின் பெரிய பெரிய தமிழ் எழுத்து: "பழசு நல்லாச் சுடுது. பிடியைச் சீவினன். வெளியாலை போன குண்டு என்ரை பிழை இல்லை. பின்னாலை நிண்டு அம்மா தும்மினவ."

கடைசி வரியை நான் எத்தனை தடவை வாசித்தேன் என்று உங்களுக்குச் சொல்லப் போவதில்லை. அதுவாவது என்னோடு இருக்கட்டும்.

இந்தமுறை உண்மையாகவே பிரேம் போட்டேன். கறிவேப்பிலை பறித்துக்கொண்டு வந்த ராசமணி சாமியறை வாசலில் நின்றுவிட்டாள்.

"என்னக்கா இது, செல்லரிச்ச கடதாசிக்குப் பிரேம் போட்டிருக்கிறியள்?"

"செல்லில்லை. என்ரை பேத்தி துவக்காலை சுட்டது."

அவளுடைய கண் உடனே படலைப் பக்கம் போனது. என்னுடையதும்தான் போனது. அங்கே யாரும் இல்லை.

"அண்டைக்கு நான் போட்டது நுளம்புப் புகையில்லை, ராசமணி" என்று தொடங்கி, அவளுக்கும் முழுக்கச் சொன்னேன். அவள் கறிவேப்பிலையை மடியில் வைத்துக்கொண்டு நிலத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஐயோ அக்கா... உங்கடை வீட்டிலை கரும்புகையைக் கண்டுதானே நானும்..."

"நீர் என்னத்தை எரிச்சனீர்?"

"எரிக்கேல்லை. பேரன்ரை தண்ணித் துவக்கைக் கிணத்துக்குள்ளை போட்டுட்டன். திருவிழாக் கடையிலை வாங்கினது. பிள்ளை இண்டைக்கும் தேடுறான்."

சிரித்தோம். பிறகு இரண்டு பேரும் கொஞ்ச நேரம் சிரிக்கவில்லை.

மாலைக்குள் செய்தி பரவி, ஒழுங்கையில் பாதிப் பேர் அட்டையைப் பார்க்க வந்துவிட்டார்கள். முன்மாதிரி அல்லவா, ஏதாவது சொல்ல வேண்டும். சொன்னேன்:

"இனிச் சீருடை படலையைத் திறந்தால் சிரட்டையை மட்டும் கவிழுங்கோ. மிச்சமெல்லாம் தொங்கிற இடத்திலை தொங்கட்டும்."